கராஜிலிருந்து வந்த மூச்சு

பெரஹரா ஊர்வலம் முடிந்து, வெளியூர் யானைகள் எல்லாம் திரும்பிப் போன கையோடு கண்டியில் விடாத மழை பிடித்துக்கொண்ட ஒரு வருடம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது கண்டி நகரில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது கட்டுகஸ்தோட்டையில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில். ஜன்னலைத் திறந்தால் மகாவலி ஆறும் பாலமும் தெரியும்.

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். மாடிப்படி ஏறினால் படிகளை எண்ணுவேன். நேற்று எண்ணிய அதே படிகள்தான், இருந்தாலும் இன்று ஒன்று குறைந்திருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். "கடவுள் உங்களுக்கு மனசு வைக்க வேண்டிய எடத்துல மணிச்சட்டத்த வச்சுட்டாரு" என்பாள் என் மனைவி. சின்னப் பிள்ளைகள் கணக்குப் பழகும் மணிச்சட்டத்தைச் சொல்கிறாள். அவள் சொன்னது கேலிக்குத்தான். ஆனால் ஒரு பொருளை எண்ணிக்கொண்டிருக்கும் வரை அது கைநழுவிப் போகாது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது உண்மை.

அந்த நம்பிக்கை இரண்டு முறை பொய்த்திருந்தது. எங்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளை ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுவிட்டது. கொட்டும் மழையில் ஒரு வாடகைக் காரில் மனைவியைக் கண்டிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்று மாலையே பெண் பிள்ளை பிறந்தது. துணி விலக்கிக் காட்டினார்கள். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்கூட நீளம் இல்லை. அழுகைச் சத்தம் பூனைக்குட்டியின் முனகல் போல இருந்தது. உதடும் நகங்களும் நாவற்பழம் தின்றது போல நீலம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை விட வயதில் இளையவர், பேச்சில் கொஞ்சம் துடுக்கு. பிள்ளையைப் பஞ்சில் பொதிந்து, இரு பக்கமும் சுடுநீர்ப் போத்தல் வைத்து, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த சிறிய அறைக்குக் கொண்டுபோனார். அங்கே சுவரோரம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புச் சிலிண்டர் நின்றது. அதிலிருந்து வந்த றப்பர் குழாய், தண்ணீர் நிறைந்த ஒரு போத்தலுக்குள் போய், மறுபடியும் வெளியே வந்து, ஒரு கண்ணாடிப் புனலில் முடிந்தது. புனலைப் பிள்ளையின் மூக்கருகே வைத்துத் திருகைத் திறந்தார். போத்தலுக்குள் குமிழிகள் கிளம்பின.

பிராணவாயுவைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது என்ன செய்யும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நீல உதடு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமானது. சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இளஞ்சிவப்பானது. துணிக்கு வெளியே தெரிந்த ஒரு விரல், உளுந்தை விடச் சின்ன நகத்தோடு, சிவந்து அசைந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை சிவந்ததும் டொக்டர் திருகை மூடிவிட்டார்.

"ஏன் டொக்டர் மூடிட்டீங்க?"

"நிறம் வந்திட்டுதெல்லோ. திரும்ப நீலம் பிடிச்சால் திறப்பம். சிலிண்டர் ஒண்டுதான் கிடக்கு மாஸ்டர். கொழும்பிலயிருந்து மற்றது வரவேணும்."

ஆஸ்பத்திரியில் ஆட்கள் குறைவு. அதனால் என்னைப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருக்க விட்டார்கள். பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து மூச்சை எண்ணத் தொடங்கினேன். நிமிடத்துக்கு எண்பது. விலா எலும்புக்குக் கீழே வயிறு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. எண்ணுவதை நிறுத்தினால் அந்த வயிறும் நின்றுவிடும் என்பது போலப் பயம். நீலம் தெரிந்தால் நர்ஸைக் கூப்பிடுவேன், அவள் வந்து திறப்பாள். சிவந்தால் மூடுவாள். தாய்ப்பாலைப் பேனாவுக்கு மை நிரப்பும் குழாயால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள்.

மறுநாள் பிள்ளைக்கு அடிக்கடி நீலம் பிடித்தது. சிலிண்டரில் அளவு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. இதற்குள் கொழும்பு வழியில் கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் மழைக்கு மண் சரிந்து ரயில் பாதை மூடிவிட்டது என்ற செய்தி வந்தது. கொழும்பிலிருந்து வர வேண்டிய சிலிண்டர் அந்தப் பக்கம் எங்கோ நின்றுபோன வண்டியில் கிடந்தது. ரோட்டிலும் மரங்கள் விழுந்திருந்தன. டொக்டர் சிலிண்டரின் பக்கத்தில் நின்று, முள்ளை ஒரு முறையும் பிள்ளையை ஒரு முறையும் பார்த்தார். அவர் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தக் கராஜ் நினைவுக்கு வந்தது.

கட்டுகஸ்தோட்டையில் நான் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் முதலாளியின் மோட்டார் கராஜ் இருந்தது. உடைந்த பஸ் சட்டங்களை நெருப்பால் ஒட்டுவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே உள்ள சாமான்களை எண்ணுவது என் வழக்கம். நாலு டயர், இரண்டு எஞ்சின், சுவரோரம் இரண்டு சிலிண்டர். அந்த இரண்டில் ஒன்றின் தோளில் எழுதியிருந்ததை எத்தனையோ நாள் வாசித்திருக்கிறேன். ஒட்சிசன், அதாவது பிராணவாயு.

டொக்டரிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"வெல்டிங் காஸோ?"

"அதுவும் இதுவும் ஒண்ணுதானே டொக்டர்?"

"காஸ் ஒண்டுதான். ஆனால் கராஜ்ச் சாமான். எண்ணெயும் கிறீஸும் பட்டிருக்கும். எண்ணெய் பட்டால் வெடிச்சுப் போடும்." சிலிண்டரின் முள்ளை மறுபடியும் பார்த்தார். "வேற வழி இல்லை. கொண்டு வாங்கோ, பாப்பம்."

முதலாளியோடு அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நனைந்த வேட்டியோடு உள்ளே போனபோது அவர் ஒரு பஸ்ஸின் கீழே படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துத்தான் என் கதையைச் சொன்னேன். பிள்ளை, மழை, ரயில், முள் என்று முன்பின்னாகக் குழறிக் கொட்டினேன். சொல்லி முடிக்கும் முன்பே ஆள் வெளியே ஊர்ந்து வந்துவிட்டார்.

"எத்தன நாள் புள்ள?"

"நேத்துப் பொறந்தது."

"அல்லாஹ்வே. இத முன்னுக்கே சொல்றதில்லையா மாஸ்டர்? நேரா அந்தச் சிலிண்டர தூக்கிட்டுப் போய் ஈந்தா நான் என்ன, புடிச்சுத் தின்னுவேனா?"

பிறகு அவர் செய்த காரியத்தை என்னால் மறக்க முடியாது. கைகளை முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவினார். சிலிண்டரையும் கழுவித் துடைத்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அந்தக் கராஜில் எண்ணெய் படாத துணி என்று ஒன்றுகூட இல்லை. கராஜுக்குப் பின்னாலேயே அவர் வீடு. உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு உடுத்துப் போகும் வெள்ளைச் சாரத்தை மடிப்புக் கலையாமல் கொண்டு வந்தார். சிலிண்டரின் தலையிலும் திருகிலும் அதைச் சுற்றிக் கட்டினார்.

"எண்ணெயும் நெருப்பும் இதுக்குக் கிட்ட வரப்படாது மாஸ்டர். இது எரியிற சாமான் இல்ல. ஆனா எரியிறதுக்குப் பைத்தியம் புடிக்க வைக்கும்."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "அந்த பஸ்க்காரன் நாளைக்கு வந்து கத்துவானே?"

"கத்தட்டும். பஸ்ஸுக்கு மூச்சு முட்டாது."

கராஜ் லொறியை முதலாளியே ஓட்டினார். பின்தட்டில் சிலிண்டரைக் கிடத்தி, உருண்டு போகாமல் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாலத்தில் லொறி குலுங்கியபோது கீழே பார்த்தேன். மகாவலி செம்மண் நிறத்தில் கரையை மீறி ஓடிக்கொண்டிருந்தது. வழி நெடுக ஒன்றையும் எண்ணவில்லை. அது எனக்கே பிறகுதான் உறைத்தது.

டொக்டர் அந்தக் காஸைக் கொஞ்சம் வெளியே விட்டு, தண்ணீரில் குமிழியிட விட்டு, முகர்ந்து பார்த்தார். கராஜ்க் குழாயைத் தள்ளி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் குழாயையே பூட்டினார். முதலாளி தன்னிடமிருந்த முள்ளுப் பெட்டியைப் பொருத்தித் திருகைத் தலைமுடி அளவுக்குத் திறந்து காட்டினார். பழைய சிலிண்டர் முழுதாக முடிவதற்குள் புதியது ஓடத் தொடங்கிவிட்டது. சிலிண்டரைச் சுற்றி வந்த வெள்ளைச் சாரத்தை அவிழ்த்து, காற்றுப் படாமல் இருக்கப் பிள்ளையின் கட்டில் கம்பியில் திரைபோலத் தொங்கவிட்டாள் நர்ஸ்.

இதற்குப் பிறகுதான் என் குணம் முழுதாக வெளிப்பட்டது. முன்பு ஒரே ஒரு சிலிண்டர், சிக்கனமாக விட்டார்கள். சரி. இப்போதுதான் முழுச் சிலிண்டர் இருக்கிறதே, இன்னும் ஏன் மூடி மூடித் திறக்க வேண்டும்? நல்லது என்றால் நிறைய நல்லதுதானே? டொக்டர் அறைப் பக்கம் வரும்போதெல்லாம் கேட்டேன்.

"டொக்டர், இன்னும் கொஞ்சம் திறந்து விடலாமே?"

"மாஸ்டர், நான் பிள்ளைக்கு மருந்து குடுக்கிறன். பலூனுக்குக் காத்து அடிக்கேல்ல."

"இல்ல டொக்டர், குமிழி நிமிஷத்துக்கு அறுபதுதான் வருது. நேத்து எழுபது வந்துச்சு."

"நீங்கள் குமிழியைப் பாக்கிறியள். நான் பிள்ளையைப் பாக்கிறன். எங்க ரெண்டு பேருக்கும் இதுதான் வித்தியாசம்."

பக்கத்து வார்டில் படுத்திருந்த என் மனைவிக்குச் செய்தி போயிருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "நீங்க எண்ணுற எண்ணுல புள்ளைக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் வெளிய போய்க் கொளத்தப் பாத்துட்டு வாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது இருக்கும்ல?" என்று கேட்டாள். மூச்சு எண்பது என்றேன், எழுபத்தெட்டு என்றேன், மறுபடியும் எண்ணப் போனேன்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளைக்கு மறுபடியும் ஒரு முறை நன்றாக நீலம் பிடித்தது. திறந்ததும் சரியாகிவிட்டது. ஆனால் நான் விடவில்லை. அழுதேன் என்றே சொல்ல வேண்டும். கடைசியில் டொக்டரும் இளகிவிட்டார். "சரி, மெதுவா விட்டுக்கொண்டே இருப்பம்" என்றார். அதிலிருந்து திருகை மூடவே இல்லை. இரவும் பகலும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பரம திருப்தி. அடுத்த சிலிண்டருக்கும் இப்போதே வழி பார்க்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினேன். கராஜ் முதலாளி மாலையில் மஃரிப் தொழுகைக்கு டவுன் பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் தினமும் வந்து முள்ளைப் பார்த்து, குழாய்ப் பூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுப் போவார்.

இப்படி இருக்கையில்தான் தெல்தோட்டையிலிருந்து என் அக்கா வந்தாள்.

அக்கா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பிறகு டவுனுக்குப் படிக்க அனுப்பியவள் அவள்தான். எங்கள் முதல் இரண்டு பிள்ளைகளும் போனதற்கு அவள் மனதில் ஒரு காரணம் வைத்திருந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள். அந்தி நேரத்தில் சாம்பிராணி காட்டவில்லை. எங்கள் ஆட்களில் பச்சைப் பிள்ளைக்கு மாலையில் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டாமல் இருக்க மாட்டார்கள். தலையில் நீர் கோக்காது, காற்றுக் கறுப்பு அண்டாது என்பார்கள். இந்த முறை அந்தத் தவறு நடக்கக் கூடாது என்று, கோயிலில் வாங்கிய சாம்பிராணியை முந்தானையில் முடிந்துகொண்டு, தோட்டத்து லொறியிலும் பஸ்ஸிலும் மாறி மாறி ஏறி வந்திருந்தாள்.

நெருப்பு விஷயத்தை நர்ஸுக்கும் கூட்டுகிறவர்களுக்கும் வார்டுக்கு வந்து போகிறவர்களுக்கும் நான் சொல்லி வைத்திருந்தேன். அறை வாசலில் சுருட்டோடு நின்ற ஒருவரோடு சண்டைகூடப் போட்டேன். அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் பகலில் வந்து என் மனைவியிடம் இருந்திருக்கிறாள். நான் சொல்லியிருப்பேன் என்று மனைவி நினைத்திருக்கிறாள். மனைவி சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன்.

அந்தி மங்கும் நேரம். நான் கதிரையில் இருந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சிலிண்டருக்கு முன்னால் குந்தியிருந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சாம்பிராணி வாசம் வந்தது. நல்ல வாசம். வீட்டில் இருப்பது போல ஒரு கணம் மனதுக்கு இதமாகவே இருந்தது. அவ்வளவு மந்தமாக இருந்திருக்கிறேன்.

திரும்பினால் அக்கா. கையில் மண் தட்டு, ஆஸ்பத்திரிக் குசினி அடுப்பில் வாங்கிய தணல், புகை.

முதலாளி துள்ளி எழுந்தார். "அக்கா! அங்கேயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

அக்காவுக்கு அவர் யார் என்று தெரியாது. எண்ணெய்க் கறை படிந்த நகங்களோடு ஓர் அந்நிய ஆண் தன் தம்பி மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். "எம் பொறந்தவன் புள்ளைக்கு நான் சாம்பிராணி காட்டுறேன். நீ யாருய்யா தடுக்க?" என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு அடி முன்னால் வந்து, தட்டைக் கட்டிலுக்குக் கீழே நீட்டினாள்.

தணல் சிவப்பாக இருந்தது. அது மஞ்சளானதை நான் பார்த்தேன். மஞ்சள் வெள்ளையானது. ஊதாமலே, காற்றில்லாமலே, கொல்லன் உலை போல அது சீறியது. ஒரு பொறி மேலே எழும்பித் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சாரத்தில் பட்டது. துணி பற்றுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது அப்படி இல்லை. பொறி பட்டதும் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது.

நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவருக்குப் பாய்ந்தேன். புனல் விழுந்து உடைந்தது. முதலாளி திருகை மூடினார். அக்கா தட்டைப் போட்டுவிட்டு, எரிகிற சாரத்தை வெறுங்கையால் பிடுங்கி இழுத்து, தாழ்வாரத்துக்கு ஓடி மழையில் வீசினாள். திரும்பி வந்து கட்டிலைத் தடவினாள். பஞ்சு கருகவில்லை. மெத்தை கருகவில்லை. பிறகுதான் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"புள்ளைக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டொக்டர் ஓடி வந்தார். ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொன்னார். சிதறிய தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அறையைத் துடைக்கச் சொன்னார். எல்லாம் ஆறி அடங்கும் வரை ஒருவரும் திருகைத் தொடக் கூடாது என்றார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்து அறையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மேசை மேல் கிடத்தினார்.

"டொக்டர், காஸ்" என்றேன். "இவ்வளவு நேரம் காஸ் இல்லாம இருக்கு. எப்படியாவது திறந்து விடுங்க."

"பொறுங்கோ."

"நீலம் பிடிச்சிடும் டொக்டர்!"

"மாஸ்டர், வாயைப் பொத்திக்கொண்டு அந்த உதட்டைப் பாருங்கோ."

பார்த்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு நேரம் எண்ணாமல் பார்த்ததில்லை. குமிழி இல்லை. புனல் இல்லை. கண்டி மழையில் நனைந்த வெறும் காற்றுத்தான் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. உதடு சிவப்பாக இருந்தது. நான் காத்திருந்தேன். சிவப்பாகவே இருந்தது. வயிற்றுப் பள்ளம் விழுவது குறைந்திருந்தது. டொக்டர் தன் கடிகாரத்தை எடுத்து எண்ணினார். ஐம்பத்திரண்டு.

"எனக்கும் தெரியேல்ல பாத்தீங்களோ" என்றார் மெதுவாக. "எப்பவோ இவ தன்ர பாட்டில மூச்சு விடத் தொடங்கியிட்டா. நாங்கள்தான் நிப்பாட்டிப் பாக்கேல்ல."

பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. கடுகு பிளந்தது போல ஒரு வாய். முதலாளி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே பழைய அறைக்குப் போய், அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் அவள் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கொல்லப் பாத்தேனே தம்பி" என்றாள்.

முதலாளி அவளுக்கு முன்னால் குந்தினார். "அக்கா, நீங்க நல்லதத்தான் கொண்டு வந்தீங்க. நானும் நல்லதத்தான் கொண்டு வந்தேன். ரெண்டு நல்லதும் ஒரே ரூமுக்குள்ள வந்ததுதான் பெழ."

"ஒங்க துணி எரிஞ்சு போச்சேய்யா."

"சாரம் போனாப் போவுது. புள்ள ஈக்கிது. நான் வெள்ளிக்கிழம பழைய சாரத்தோட போனா அல்லாஹ் கணக்குக் கேக்க மாட்டான். கணக்குக் கேக்கிற ஆள் இந்த மாஸ்டர் மட்டுந்தான்."

அன்றிலிருந்து, நீலம் கண்டால் மட்டும் திறந்து, சிவந்ததும் மூடினார்கள். அதன் பிறகு திறந்தது இரண்டே தடவை. பிள்ளை பஞ்சுக்குள்ளிருந்தே வளர்ந்து, தாயின் மார்புக்கு வந்து, மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலைப் பொழுதில் எங்களோடு கட்டுகஸ்தோட்டைக்கு வந்தது. எங்களைக் கூட்டி வந்தது அந்தக் கராஜ் லொறிதான். வீட்டில், சிலிண்டர் எதுவும் இல்லாத அறையில், அக்கா வலது கையில் கட்டோடு இடது கையால் சாம்பிராணி காட்டினாள். முதலாளி வாசலில் நின்று, "இப்ப நல்லாக் காட்டுங்க, எனக்கும் சேத்துக் காட்டுங்க" என்றார். முக்கால் சிலிண்டர் காஸ் மிச்சம் இருந்தது. அதில்தான் அந்தப் பஸ்ஸின் சட்டம் ஒட்டப்பட்டது. பிறகு பல வருடம் அந்தப் பஸ்ஸில்தான் நான் பாடசாலைக்குப் போய் வந்தேன். ஏறும்போதெல்லாம் ஒட்டிய இடத்தைக் குனிந்து பார்ப்பேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கதை அன்று முடிந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். தீயிலிருந்து தப்பினோம், அவ்வளவுதான் என்று. இருபது வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் என் மகள் எனக்குப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே கண்ணில் புரை விழத் தொடங்கிவிட்டது. தலைப்பெழுத்துகளை மட்டும் எண்ண முடியும், வாசிக்க முடியாது. அவள் ஒரு செய்தியின் நடுவில் நிறுத்தினாள். பிறகு மெதுவாகத் தொடர்ந்து வாசித்தாள். மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிராணவாயு உயிர் கொடுக்கிறது. ஆனால் தேவைக்கு மேல், நாட்கணக்காக, நிறுத்தாமல் கொடுத்தால், பிஞ்சுக் கண்ணின் இரத்தக் குழாய்கள் கெட்டுப் பார்வையே போய்விடலாம். வெளிநாடுகளில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே, நல்லது என்று நினைத்து நிறையக் கொடுத்து, எத்தனையோ பிள்ளைகள் பார்வை இழந்துவிட்டார்களாம். இப்போது அளந்துதான் கொடுக்கிறார்களாம்.

அந்தக் காலத்தில் எங்கள் டொக்டருக்கு இது தெரியாது, உலகத்தில் ஒருவருக்குமே தெரியாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான்தான் அழுது திறக்க வைத்தேன். அன்று அக்கா அந்தத் தணலைக் கொண்டு வந்திராவிட்டால், அந்தச் சிலிண்டர் முடியும் வரை நான் மூட விட்டிருக்க மாட்டேன். முடிந்தால் இன்னொன்று தேடிப் போயிருப்பேன். அப்படித் திறந்தே இருந்திருந்தால் பார்வை போயிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. போயிருக்காமலும் இருந்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் செய்தியை என்னால் வாசிக்க முடியவில்லை, எனக்கு அதை வாசித்துக் காட்டியவை அவள் கண்கள்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கதையை அவளும் எத்தனையோ தடவை கேட்டவள்தான். பத்திரிகையை மடித்துவிட்டு, என் முன்னால் குனிந்து, முகத்தை நீட்டினாள்.

"ரெண்டு இருக்குப்பா. சந்தேகம்னா எண்ணிப் பாத்துக்கங்க."

கையால் தடவி எண்ணினேன். இரண்டு இருந்தன.

முதலாளி இப்போது இல்லை. அக்காவும் இல்லை. அவள் உள்ளங்கையில் கடைசி வரைக்கும் ஒரு வழவழப்பான தழும்பு இருந்தது, அதில் மகளின் கன்னத்தைத் தேய்த்து விளையாடுவாள். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது மகள்தான். பொடி எழுத்தில் எழுதுகிறாளாம், தாள் மிச்சமாகும் என்கிறாள். எண்ணும் பழக்கம் இந்த வயதிலும் என்னை விடவில்லை. விடும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் நல்லதுதானே, இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன என்று எதற்காவது வாய் திறக்கும் போதெல்லாம், குமிழி நின்றுபோன அந்தப் போத்தலும், வெறும் காற்றில் சிவந்தே இருந்த அந்தச் சின்ன உதடும் கண்முன் வந்துவிடும். கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன்.